கடைசி அறையின் ஐந்து ஸ்பீக்கர்கள்

சுங்கை பினாங் பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் சுப்பையாவின் வீட்டுக்கு மூன்று அறைகள். முதல் அறையில் அவரும் மனைவி குணவதியும் படுத்தார்கள். இரண்டாவதில் மகள் காமினி. பத்துக்கு ஒன்பதடி இருந்த கடைசி அறையில் ஐந்து ஸ்பீக்கர்கள் குடியிருந்தன. வீட்டில் ஏர்கான் மாட்டியிருந்தது அந்த ஓர் அறையில் மட்டும்தான். மனிதர்களுக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், ஸ்பீக்கருக்கு வியர்த்தால் யார் துடைப்பது என்று சுப்பையா கேட்பார். அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. அதனால் அதை நல்ல கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குணவதி தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் கிடந்தது. இடது கையை நீட்டினால் கேஸ் சிலிண்டர். வலது கையை நீட்டினால் குளியலறைக் கதவு. யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து, முக்காலியை மடித் துணியோடு தூக்கிக்கொண்டு சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். குளித்துவிட்டு வருகிறவர் ஈரக் காலோடு தாண்டிப் போவார். பிறகு அவள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைப்பாள். பதினோரு வருஷமாக வீட்டுக்கு அரிசி வந்தது அந்த நடையிலிருந்துதான். தண்ணீர் பில்லும் மின்சார பில்லும், ஏர்கான் தின்ற மின்சாரம் உட்பட, அந்த நடையிலிருந்துதான் கட்டப்பட்டன.

ஏனென்றால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிறை என்ற ஊரில் சுப்பையா வேலை செய்த ரேடியோ ஃபேக்டரி மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவர் வேறு எங்கும் போகவில்லை. இருபத்தேழு வருஷம் அங்கே க்யூசி இன்ஸ்பெக்டராக இருந்தவர். காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரை போய், நாளுக்கு நானூறு ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்பார். சத்தம் வந்தால் பச்சை ஸ்டிக்கர். வராவிட்டால் சிவப்பு. வேலை அவ்வளவுதான். ஆனால் வெளியில் யாரிடமாவது அறிமுகம் செய்துகொள்ளும்போது, "நான் சவுண்ட் இண்டஸ்ட்ரியில இருந்தேன்" என்பார். கேட்பவர் சினிமாவா என்று கேட்டால் மறுக்க மாட்டார்.

ஸ்டிக்கர் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. அரிசி டின், கடிகாரம், வாசல் கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் பச்சை வட்டம் ஒட்டியிருக்கும். "நான் கையெழுத்துப் போட்டு ஒட்டினா ஒட்டினதுதான். மேனேஜரே வந்தாலும் மாத்த முடியாது. அதான்லா க்யூசி," என்பார். குணவதியின் மெஷினுக்கு மட்டும் அவர் எந்த நிறமும் ஒட்டவில்லை. அதை இன்னும் பரிசோதிக்கவில்லையாம்.

*

சண்டை மீனில் ஆரம்பித்தது.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. நடையில் நாற்பத்திரண்டு பிளவுஸ் துணி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தி, கயிற்றில் தொங்கியது. லோகேஸ்வரி டீச்சருடைய மயில்கழுத்து நிறப் பட்டு பிளவுஸுக்குக் கை சுருக்கம் வைத்து, கழுத்துக்கு லைனிங் கொடுத்து, ஊக்கு மட்டும் பாக்கி என்ற நிலையில் குணவதி மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். சுப்பையாவுக்குப் பசி. கெம்போங் மீன் பொரிக்கச் சொன்னார். எண்ணெயில் மீனைப் போட்டாள். சிதறிய எண்ணெய் இரண்டடி தூரம் பறந்து பட்டில் போய் உட்கார்ந்தது. ஏழு சொட்டு. மாவு போட்டுப் பார்த்தாள், பவுடர் போட்டுப் பார்த்தாள், பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டுத் தேய்த்தும் பார்த்தாள். ஏழு சொட்டு ஏழு வட்டமானது.

லோகேஸ்வரி பிளவுஸை வாங்கி மூக்கில் வைத்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்குகிற தொண்டை.

"ஒங்ககிட்ட நான் பிளவுஸ் தைக்கக் குடுத்தேனா, மீன் பொரிக்கக் குடுத்தேனா? இத போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனா பூன பின்னாடியே வரும்லா!"

"டீச்சர், நான் வேற துணி வாங்கி..."

"வேற துணியா? இது எங்க அண்ணன் காஞ்சிபுரம் போயி எடுத்தாந்தது. மத்தவங்க துணியும் இந்த அடுப்படியிலதான் தொங்குதா?"

கேள்வி மற்றவர்கள் காதில் விழத்தான். பொழுது சாய்வதற்குள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஏழு வட்டமும் படமாக வந்துவிட்டன. மறுநாள் ஐந்து பேர் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாவதாக வந்தவள் வாங்கவில்லை, மோந்து மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் குணவதிக்கு அதிகமாகச் சுட்டது.

அன்று சாயங்காலம் அவள் கடைசி அறை வாசலில் போய் நின்றாள். சுப்பையா உள்ளே ரிசீவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரிசீவர் என்பது ஐந்து ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கு போட்டு அனுப்பும் கறுப்புப் பெட்டி. பதினாறு கிலோ. ஃபேக்டரி ஊழியர் விற்பனையில் இருபது வருஷத்துக்கு முன் வாங்கியது.

"இந்த அறைய எனக்கு விடுங்க."

"எந்த அறை?"

"வீட்டுல எத்தன அறைலா ஏர்கான் போட்டுச் சும்மா கெடக்குது? இதுதான். மெஷின இங்க போடணும். துணிய இங்க தொங்க விடணும். இல்லாட்டி இந்தத் தீவாளிக்கு அப்பறம் ஒருத்தரும் துணி குடுக்க மாட்டாங்க."

"குணா, இது சும்மா அறை இல்ல. அளந்து செட் பண்ணது. ஒரு ஸ்பீக்கர ஒரு இஞ்சு நகத்தினா சவுண்ட் ஓடிப் போயிரும்."

"சவுண்டா? டிவிடி ப்ளேயர் கெட்டுப் போயி ரோசாக் ஆயி மூணு மாசமாச்சு. மூணு மாசமா ஊமையா கெடக்குது. ஊமைக்கு ஏர்கான், எனக்கு கேஸ் சிலிண்டரா?"

"ஒன் தம்பி தயாளன் புதுசு கொண்டாறேன்னு சொல்லியிருக்கான். ஹை டெஃபினிஷன் டிஸ்க் ப்ளேயர். அது வந்தா இந்த ரூம் எப்படிப் பேசும் பாரு."

"பேசாட்டி?"

சுப்பையா துணியைக் கீழே வைத்தார். அவளிடமிருந்து இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"பேசாட்டி என்னா செய்வீங்க? அதச் சொல்லுங்க. ஒங்க பாரத்துல எழுதுங்க. எல்லாத்துக்கும் ஒரு பாரம் வச்சிருக்கீங்கல்ல?"

சுப்பையாவை அவருடைய பாரத்தை வைத்துச் சீண்டினால் அவர் பின்வாங்க மாட்டார் என்பது இருபத்தொன்பது வருஷத்தில் குணவதி கற்றது. அவர் மேசையைத் திறந்து, ஃபேக்டரி மூடியபோது கட்டுக்கட்டாக எடுத்து வந்த, அச்சடித்த பரிசோதனைப் பாரங்களில் ஒன்றை உருவினார். பொருள்: சரவுண்ட் சவுண்ட். நாள்: ஞாயிறு, மதியம் மூன்று மணி. இன்ஸ்பெக்டர்: சுப்பையா. சாட்சி: நான்காவது மாடி சீனி முகம்மது. தேறினால் அறை உள்ளபடியே இருக்கும். தேறாவிட்டால் அறை குணவதிக்கு.

"நீங்களே இன்ஸ்பெக்டர், நீங்களே கட்சியா?" என்றாள் காமினி. அவள் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெஸ்ட் இன்ஜினியர். இந்தத் தகுதி வீட்டில் இதுவரை ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றும்போது மட்டுமே தேவைப்பட்டிருந்தது.

"க்யூசிக்குக் கட்சி கெடையாது," என்றார் சுப்பையா.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் பிளாட்டைச் சட்டியில் போட்டு வறுத்தது. ஆற்றில் தண்ணீர் வற்றிச் சேற்று வாடை ஒன்பது மாடியும் ஏறி வந்திருந்தது. குணவதி விடியலில் எழுந்து நான்கு பிளவுஸ் வெட்டிவிட்டு, மீன் குழம்பும் வெண்டைக்காய்ப் பச்சடியும் வைத்தாள். வைக்கும் முன் மிச்சத் துணிகளை எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காமினியின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பொரிக்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை.

தயாளன் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லி இரண்டேகாலுக்கு வந்தான். குணவதியின் தம்பி. ஜுருவில் பழைய கார் வியாபாரம். பாலத்தில் ஜாம் என்றான். அவன் விற்ற காரில்தான் வந்தானா என்று சுப்பையா கேட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு தொடங்கிவிட்டது.

"அத்தான், சும்மா சொல்லக் கூடாது, இது ஃபுல் ஸ்பெக். ஒரு கஸ்டமர் ஆஸ்திரேலியா போறாரு, காடிய என்கிட்ட குடுத்தாரு, இதயும் சேத்துக் குடுத்தாரு. ஒன் ஓனர்."

"ஒன் ஓனர்னா நீ மீட்டர திருப்பியிருப்ப."

"டிஸ்க் ப்ளேயருக்கு மீட்டர் எங்கலா இருக்கு?"

"இருந்தா திருப்பியிருப்ப."

சாப்பிடும்போதும் நிற்கவில்லை. தயாளன் குழம்பை ஊற்றிக்கொண்டே, இப்போது யாரும் ரிசீவர் வைப்பதில்லை, டிவிக்கு அடியில் நீட்டமாக ஒன்று வைத்தால் போதும், தன் கூட்டாளியிடம் இருக்கிறது, விலை பேசித் தருகிறேன் என்றான். அவன் எங்கே போனாலும் எதையாவது விற்றுவிட்டுத்தான் எழுந்திருப்பான். சுப்பையா மீன் தலையைப் பிளந்துகொண்டே, நீட்டமாக இருப்பதெல்லாம் சவுண்ட் என்றால் வெண்டைக்காயும் சவுண்டுதான் என்றார்.

மூன்று மணிக்கு சீனி முகம்மது லிஃப்டில் ஏறி வந்தார். பட்டணத்தில் முப்பது வருஷம் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்து, கடையை மூடிவிட்டு மிச்சச் சரக்கோடு வீட்டில் இருப்பவர். வெள்ளைச் சட்டை போட்டு, வாசனை பூசி, சாட்சிக்கு உரிய முகத்தோடு வந்திருந்தார்.

"வாங்க பாய். நடுவுல ஒக்காருங்க. அதான் ஸ்வீட் ஸ்பாட்டு," என்றார் சுப்பையா.

குணவதியும் வந்தாள். கதவை ஒட்டி, பின் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, ஒரு பிளவுஸுக்கு ஊக்கு தைக்கத் தொடங்கினாள். உதட்டில் நான்கு குண்டூசி. தன் வாழ்க்கை தீர்மானமாகிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரமில்லை.

ப்ளேயரிலிருந்து படத்துக்கு ஒரு வயர் டிவிக்குப் போனது. சத்தத்துக்கு சுப்பையா வழக்கமான சிவப்பு வெள்ளை வயரை எடுத்து ப்ளேயரையும் ரிசீவரையும் இணைத்தார். பழைய டிவிடிக்கும் அதே வயர்தான். ரிசீவரில் ஒரு பொத்தானை அமுக்கினார். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக முழங்கின. ப்ளேயரோடு வந்த டிஸ்கில் கப்பல் ஒன்று உடைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சீனி முகம்மது தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? அஞ்சும் பேசுது!" சுப்பையா எழுந்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்தார். "ஒண்ணு, ஓக்கே. ரெண்டு, ஓக்கே. மூணு..." பேனாவைத் திறந்தார்.

குணவதி தலையைத் தூக்கவில்லை. ஊசி மட்டும் நின்றது.

"அப்பா, கையெழுத்துப் போடாதீங்க. இது சரவுண்ட் இல்ல," என்றாள் காமினி.

"என்னாது?"

"இந்த வயர்ல ரெண்டு சேனல்தான் வரும். லெஃப்ட், ரைட். நீங்க அமுக்கினது அந்த ரெண்டயும் அஞ்சு ஸ்பீக்கர்லயும் கொட்டுற பொத்தான். அஞ்சும் ஒரே விஷயத்தத்தான் கத்துது. சரவுண்ட்னா அஞ்சும் அஞ்சு வேல செய்யணும்."

"இருபது வருஷமா இந்த ரூம்ல இப்படித்தான் கேக்குறேன்!"

"இருபது வருஷமாவும் ரெண்டுதான்."

அறையில் கப்பல் மட்டும் மூழ்கிக்கொண்டிருந்தது. சுப்பையா சாட்சியைப் பார்த்தார். சீனி முகம்மது மெதுவாக எழுந்து போய்ப் பின் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"சுப்பையாண்ணே, புள்ள சொல்றது சரிதான் போல. கேப்டன் முன்னால நிக்கிறாரு. பேச்சு என் பொடனியில வருது."

"அது எஃபெக்ட் பாய்!"

"கப்பல் பேசுனா எஃபெக்ட். கேப்டனே பின்னால வந்து பேசுனா அவரு எங்கதான் நிக்கிறாரு?"

தயாளன் தொடையைத் தட்டிச் சிரித்தான். இந்த அறைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சுப்பையா சரவுண்ட் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். கல்யாணம் பேச வந்தவர்களும் ஏர்கான் பழுதுபார்க்க வந்தவனும் தப்பவில்லை. தயாளன் மட்டும் ஆறு தடவை கேட்டிருக்கிறான். ஆறுக்கும் சேர்த்துச் சிரித்தான்.

"முடிஞ்சிருச்சு அத்தான். நான் சொன்னேன்ல? இந்த ரிசீவர்ல புது ஓட்டையே இல்ல. புது டிஸ்க்கு சவுண்டெல்லாம் படம் போற அதே வயர்லதான் போவும். அந்த ஓட்ட இல்லாட்டி ஒண்ணும் செய்ய முடியாது. பழைய இரும்புக்குப் போடுங்க."

குணவதி ஊசியை மறுபடி ஓட்டினாள். வேகமாக.

அங்கே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் காமினி சுப்பையாவின் மகள். தப்பாக யாராவது ஒன்றைச் சொல்லி அது தரையில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வைக்காமல் அவளால் இருக்க முடியாது.

"இல்ல மாமா. அதும் தப்பு. பின்னால சின்னதா ஒரு ஓட்ட இருக்கு பாருங்க, செவப்பா வெளிச்சம் வரும். ஆப்டிக்கல். டிஸ்க்ல இருக்குற பெரிய சவுண்ட் அதுல போவாதுதான். ஆனா பழைய ரிசீவருக்குன்னு அதே டிஸ்க்ல இன்னொரு சவுண்ட் இருக்கு. அஞ்சு சேனலும் தனித்தனியா. அது போவும்."

சுப்பையாவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. "பாரத்துல மூணு மணின்னுதான் இருக்கு. எத்தன தடவன்னு இல்ல. பாய், அந்த வயர் ஒங்ககிட்ட இருக்குமா?"

"பழைய சரக்குல கெடக்கும்," என்று சீனி முகம்மது லிஃப்டை நோக்கி நடந்தார்.

*

குணவதி எழுந்து சமையலறைக்குப் போனாள். காமினி பின்னால் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

"ஒனக்கு ஏன்டி வாய் சும்மா இருக்க மாட்டேங்குது?"

"அம்மா, மாமா தப்பா சொன்னாரு..."

"தப்பா சொன்னா சொல்லிட்டுப் போறான். அவன் என்னைக்கு சரியா சொன்னான்? எனக்கு அறை வந்துருச்சுடி. கையில வந்துருச்சு. நீ தட்டி விட்ட." தேநீருக்குக் கொதித்த தண்ணீரை அவள் இறக்கிய வேகத்தில் பாதி அடுப்பில் சிந்தியது. "நீ என் வயித்துல பொறந்தியா, அவரு ஃபேக்டரில பொறந்தியா?"

காமினி நடையைப் பார்த்தாள். மெஷின் மேல் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. குளியலறைக் கதவிலிருந்து வழிந்த ஈரம் மெஷின் காலடி வரை வந்து நின்றது. பெடலில் ஒரு பக்கம் துரு ஏறி, அம்மாவின் கால் படும் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பாய் வயர் இல்லாம வந்தாலும் வரலாம்மா," என்றாள்.

"வேண்டாம். நீ ஆறுதல் சொல்லாத. தேத்தண்ணிய எடுத்துட்டுப் போ. ஒங்கப்பனுக்குச் சீனி போடாத."

சீனி முகம்மது வயரோடு வந்துவிட்டார். ஒரு முனையை ப்ளேயரிலும் மறு முனையை ரிசீவரிலும் தயாளன் செருக முயன்றான். போகவில்லை. இன்னும் அழுத்தினான்.

"காடி ஸ்டேரிங் மாதிரி திருப்பாதீங்க மாமா. மூடியக் கழட்டணும்," என்றாள் காமினி. நுனிகளில் கண்ணாடி போல இருந்த பிளாஸ்டிக் உறைகளை உருவினாள். ஒரு முனையை ப்ளேயரில் செருகியதும் மறு நுனியில் சிவப்பு ஒளி நின்றது, அதை ரிசீவரில் செருகினாள்.

"இது ஃபேக்டரி சீல், பாத்துக்குங்க. ஒரிஜினல்," என்றார் சீனி முகம்மது.

"சீல கழட்டாம செருகப் பாத்தது என் மச்சினன்," என்றார் சுப்பையா யாரிடமோ.

காமினி ப்ளேயரின் மெனுவைத் திறந்தாள். சவுண்ட் அமைப்பு பிசிஎம் என்று இருந்தது. அப்படி விட்டால், டிஸ்கில் ஐந்து சத்தமும் ஒன்றாகக் கட்டியிருக்கும் கட்டை ப்ளேயர் தானே பிரித்துவிடும். பிரித்ததில் இரண்டு சேனல்தான் இந்த வயரில் நுழையும். அதை பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால் ப்ளேயர் கட்டைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும், ரிசீவர் பிரித்துக்கொள்ளும். இரண்டு பொத்தான் வேலை. அவளுடைய விரல் ரிமோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. மாற்றாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா வாசலை ஒட்டி அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவே இல்லை.

காமினி மாற்றினாள். பொய்யான சோதனையை நடத்த அவளுடைய கைக்குத் தெரியவில்லை. ரிசீவரின் முகப்பில் இதுவரை எரியாத ஒரு சிறு விளக்கு எரிந்தது. இருபது வருஷமாக அந்த இடத்தில் விளக்கு இருப்பதே சுப்பையாவுக்குத் தெரியாது.

படத்தில் வேறொரு காட்சி. மலைக்காட்டில் ஒரு குடிசை. மழை. உள்ளே ஒருவனும் ஒருத்தியும் தணிந்த குரலில் பேசுகிறார்கள். குரல் நடு ஸ்பீக்கரிலிருந்து, டிவியின் வாயிலிருந்து வருவதுபோல வந்தது. பக்கங்களில் மழை. பின்னால் ஏறத்தாழ ஒன்றுமில்லை, கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும். பிறகு குடிசைக்குப் பின்புறம் ஒரு குதிரை, ஈரமண்ணில் குளம்பு அழுந்த, வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மெல்லக் கடந்து போனது.

காமினி காதால் எண்ணினாள், ஐந்தும் ஐந்து வேலை செய்தன. பிசகு இல்லை. இருபது வருஷத்துப் பெட்டி, ஒரு புது வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்: அம்மா முந்தானையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, தோளுக்கு மேல் திரும்பி, தனக்குப் பின்னாலிருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஊக்கைத் தேடினாள்.

"என்னா இது?" என்றார் சுப்பையா.

"என்னாப்பா?" என்றாள் காமினி.

"சத்தம் எங்க? அடிச்சுக்கிட்டு வந்துச்சே, அது எங்க?" அவர் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிறை ஃபேக்டரியின் லைனில் நடப்பதுபோல நடந்து, முதல் ஸ்பீக்கரில் காதை வைத்தார். "ஒண்ணு, லோ." அடுத்தது. "நடுவு, ஓக்கே. பேச்சு மட்டும். மூணு, லோ." பின் ஸ்பீக்கருக்கு வந்தார். குதிரை போய்விட்டிருந்தது. குடிசைக்குள் இருவரும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாலு. ஒண்ணுமே இல்ல. அஞ்சு..." அவர் காதை அழுத்தி வைத்து மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். "டெட்."

"அண்ணே, எதோ குதிர போச்சு மாதிரி..." என்றார் சீனி முகம்மது.

"பாய், குதிர முன்னாலதான காட்டணும்? காட்டாத குதிர எப்படிப் போவும்?"

சீனி முகம்மது யோசித்துப் பார்த்தார். படத்தில் குதிரை இல்லைதான். தேநீரைக் குடித்தார்.

"ரெண்டு யூனிட் செத்துப் போச்சு. ரெண்டு யூனிட் லோ. சிவப்பு வெள்ள வயர்ல நல்லா இருந்தத இந்தப் பொண்ணு மாத்தி வச்சு ரோசாக் பண்ணிட்டா."

"அதான்லா நானும் சொல்றேன்," என்றான் தயாளன் உற்சாகமாக. "பழைய ரிசீவர். புது டிஸ்க்கு தாங்காது. என் கூட்டாளிகிட்ட இருக்குற அந்த நீட்டம்..."

"அப்பா," என்றாள் காமினி.

"நீ பேசாத. போதும் நீ பேசினது."

"இல்லப்பா, நீங்க நாற்காலில ஒக்காந்து ஒரே ஒரு தடவ..."

"ஏய்! இந்தக் காத வச்சு இருபத்தேழு வருஷம் பாத்திருக்கேன். நாளுக்கு நானூறு பெட்டி. ஒரு பெட்டி தப்பா பாஸ் ஆனதில்ல. நேத்து ஃபேக்டரிக்குப் போன நீ எனக்கு சவுண்ட் சொல்லிக் குடுக்குறியா? வராத சத்தத்த வருதுன்னு என்னைய எழுதச் சொல்றியா?"

காமினி வாயைத் திறந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். குணவதி உதட்டில் ஊசிகளோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஊக்கு தைத்து முடித்தவள் நூலைப் பல்லால் கடிக்கக் காத்திருக்கிற முகம்.

காமினி வாயை மூடினாள்.

சுப்பையா பாரத்தை எடுத்துத் தொடையில் வைத்து, தேறவில்லை என்ற கட்டத்தில் கோடு போட்டு, தேதி எழுதி, வளைந்து நெளிந்த தன் பழைய கையெழுத்தைப் போட்டார். முகத்தில் ஒரு பெருமை கூட இருந்தது. சொந்தப் பொருளையே தயவு பார்க்காமல் தள்ளுகிற இன்ஸ்பெக்டர் உலகத்தில் எத்தனை பேர்? சீனி முகம்மது கீழே கையெழுத்துப் போட்டார். அவர் எழுந்து போன பிறகுதான் என்ன எழுதினோம் என்பது சுப்பையாவுக்கு உறைத்தது.

"குணா, இது செட்டிங் பிரச்சினையாவும் இருக்கலாம். அடுத்த ஞாயித்துக்கெழம..."

குணவதி உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள்.

"மேனேஜரே வந்தாலும் மாத்த முடியாதுன்னீங்க. ஒங்க வாயி. ஒங்க கையெழுத்து. தம்பி, அந்தப் பெட்டியப் புடி. பதினாறு கிலோவாம், ஒத்தையா தூக்காத."

"அக்கா, நான் சாமான் தூக்கவா வந்தேன்?"

"மூணு வாய் மீன் கொழம்பு தின்னல்ல? தூக்கு."

*

நாலரை மணிக்கு மழை பிடித்தது. வெயிலில் வெந்திருந்த பிளாட் ஆவி விட்டது. வராந்தாவில் எல்லா வீட்டுப் பெண்களும் துணி எடுக்க ஓடினார்கள். சுப்பையா ஹாலில் ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். தயாளன் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் அந்த நீட்டமான பொருளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் சுப்பையா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். தயாளன் அடுத்த படத்துக்கு நகர்ந்தான்.

கடைசி அறையில் மெஷின் ஜன்னலை ஒட்டி நின்றது. குணவதி முக்காலியை ஒருமுறை முன்னால் இழுத்தாள், பிறகு பின்னால் தள்ளினாள், பிறகு இன்னும் பின்னால். இடிக்க எதுவும் இல்லை. நடையில் பழகிய முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியே இருந்தன. அவளாகவே அவற்றை விலக்க வேண்டியிருந்தது. காமினி கயிறு கட்டி, முப்பத்தேழு துணியையும் பெயர்ச் சீட்டுப் பார்த்து வரிசையாகத் தொங்கவிட்டாள்.

"லோகேஸ்வரி டீச்சர நாளைக்கிக் கூப்புடு. வந்து பாக்கட்டும். மோந்தும் பாக்கட்டும்," என்றாள் குணவதி. பாபினில் நூல் சுற்றினாள்.

காமினி துணிகளைத் திருத்திக்கொண்டே நின்றாள். இன்னும் அவளுக்குள் அது அரித்தது.

"அம்மா. அது சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவ."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"என் முதுகுக்குப் பின்னால ஒரு மாடோ குதிரையோ போச்சு. மண்ணு மிதிபடுற மாதிரி. வெலகி ஒக்காருவமான்னு பாத்தேன்." நூலை ஊசிக் காதில் விட்டு இழுத்தாள். "நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்கானுங்க."

"தெரிஞ்சே ஏன்மா சொல்லல?"

குணவதி துணியை ஊசிக்கு அடியில் நேராக்கினாள். கால் பெடலைத் தேடிக் கண்டுபிடித்தது.

"நீ ஏன்டி சொல்லல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மிதித்தாள்.